மெல்லிய தகட்டில் பிளாஸ்டிங்: கேள்வி பதில்

கேள்வி: பழைய கார் ஒன்றின் பாடி முழுவதையும் மணல் பிளாஸ்டிங் செய்து, அதாவது அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்து, பெயின்டை எடுத்துவிடலாமா சார்?

பதில்: முழுவதையும் வேண்டாம். சேஸிஸ், சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் தடித்த இரும்பு; தாராளமாக அடிக்கலாம். பானெட், ரூஃப், கதவின் வெளித்தகடு ஆகியவற்றில்தான் ஆபத்து. இவற்றின் கனம் பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. வரைதான். அதோடு அகலமாக, ஏறக்குறையத் தட்டையாக வேறு இருக்கின்றன. அப்புறம், சாதாரண மணல் வேண்டவே வேண்டாம். அதன் சிலிக்கா தூசு சிலிக்கோசிஸ் வரவைக்கும். அந்த நுரையீரல் நோயைக் குணப்படுத்த வழியில்லை. கார்னெட் என்ற கனிமத் துகள் போன்றவற்றுக்கு மாறுங்கள். அப்போதும் சுத்தமான காற்று தரும் தலைக்கவசம் (ஹூட்) அவசியம்.

கேள்வி: சூட்டில்தானே தகடு வளைகிறது? தண்ணீர் கலந்து அடித்தால் வளையாது என்கிறார்களே அண்ணா?

பதில்: பலரும் இதை நம்பித்தான் பானெட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முக்கியக் காரணம் சூடு இல்லை, மோதல். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல் அடி. அடி விழும் மேல்பரப்பு நசுங்கி விரியப் பார்க்கிறது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது. அதனால் தகடு அடி வாங்கிய பக்கமாகப் புடைக்கிறது. சின்னக் குண்டுகளால் அடித்து உலோகத்தை வலுவாக்கும் ஷாட் பீனிங்கில் அடியின் வீரியத்தை அளப்பதே இப்படித்தான்: அல்மென் பட்டை என்ற மெல்லிய எஃகுத் துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்து, அது எவ்வளவு வளைந்தது என்று பார்ப்பார்கள். தண்ணீர் தூசியை அடக்கும், சூட்டைக் குறைக்கும். மோதலை நிறுத்தாது. ஈரத் தகட்டில் துரு வேறு சட்டென்று பூக்கும்.

கேள்வி: காற்றழுத்தத்தைக் குறைத்தால்?

பதில்: உதவும். 30–40 பி.எஸ்.ஐ., நைசான துகள், சாய்த்துப் பிடித்த நாஸில், நிற்காமல் நகரும் கை. இதையும் விளிம்பு, மடிப்பு, துருக்குழி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கும் இடத்தில் கவனம்: பட்டி மெதுவாகத்தான் போகும், அது போகட்டும் என்று நிற்பதற்குள் சுற்றியுள்ள தகடு வீணாகிவிடும்.

கேள்வி: மணலுக்குப் பதில் சமையல் சோடாத் துகளை அடிக்கும் சோடா பிளாஸ்டிங்?

பதில்: தகட்டுக்கு மென்மையானது. பெயின்டை எடுக்கும், துருவை எடுக்காது. மிச்ச சோடாவை நன்றாகக் கழுவாவிட்டால் புது பெயின்ட் பிடிக்காது.

கேள்வி: என் பானெட் ஏற்கெனவே புடைத்துவிட்டது. தட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: தட்டினால் உலோகம் இன்னும் விரியும். அதைச் சுருக்க வேண்டும்: சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சூடாக்கி ஆறவிடுவது. டிங்கரிங்கில் நல்ல கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். பானெட் முழுவதும் அலை அலையாக இருந்தால் மாற்றுத் தகடு தேடுவதே நல்லது.

கேள்வி: அப்படியானால் பானெட் பெயின்டை எப்படி எடுப்பது?

பதில்: பெயின்ட் ரிமூவர் தடவுங்கள், இல்லையென்றால் 80 கிரிட் உப்புத்தாளோடு சாண்டர் (தேய்க்கும் மெஷின்) போடுங்கள். தகடு வெளியே தெரிந்ததும் வெறும் கையால் தொடாமல், துடைத்து, துரு பிடிக்காமலிருக்க அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள்.