ரசீதா, எஃப்.ஐ.ஆரா?

கேள்வி: என் அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். 4 மாதத்துக்கு முன், விடியுமுன்னே தோட்டத்துக்கு நடந்தபோது பைக்கில் வந்த இருவர் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஸ்டேஷனில் ரசீது தந்தார்கள். போய்க் கேட்டால், "ஆள் கிடைச்சா கூப்பிடுவோம்" என்கிறார்கள். இனி என்ன செய்வது?
– வாசகி, அருமனை

பதில்: முதலில் அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர். என்று இருந்தால், உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கும். குழித்துறை கோர்ட்டில் என்னைப் பார்க்க வந்த ஒரு பாட்டி, சி.எஸ்.ஆர். ரசீதை லேமினேட் செய்து, முந்தானையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். "கேஸு நடக்குல்லா மக்ளே?" என்று கேட்டார். 7 மாதமாக நடக்கிறது என்றே நம்பியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சங்கிலிப் பறிப்புக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. போடவில்லை என்றால் நாகர்கோவிலில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? சரி, அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீசே உங்களுக்குச் சொல்ல வேண்டும். 4 மாதம் ஆகிவிட்டதே! வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

அப்புறம் அந்தக் கை. பால்வெட்டுக் கத்தியை இழுக்கிற மணிக்கட்டு போனால் அம்மாவின் பிழைப்பே போச்சு. இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். திருடன் பிடிபடாவிட்டாலும், வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும், இழப்பீடு கேட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனு கொடுக்கலாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் தருவார்கள். சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழைத்தும் கேட்கலாம்.

போகும்போது ரசீது, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலைக்குப் போகாத நாள் கணக்கு எல்லாம் இருக்கட்டும். நகைக்கடை பில் இல்லையென்றால், அம்மா அந்தச் சங்கிலி போட்டிருக்கிற கல்யாண வீட்டுப் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். சங்கிலி கிடைத்தால் அடையாளம் காட்ட உதவும்.