கடற்படைக் குடும்பங்களைப் பாராட்டி மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போடுவதால் என்ன பயன்?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் கடற்படையினரையும் குடும்பத்தாரையும் பாராட்டித் தீர்மானம் போடுகின்றனவே, அதனால் பைசா பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பைசாக் கணக்கில் கிடையாது. அதற்குச் சட்ட பலமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை. ஆனாலும் அது வேண்டும் என்றுதான் சொல்வேன்.

நான் இருப்பது வர்ஜீனியாவில், நார்ஃபோக் பக்கம். உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் இங்கேதான். ஜனவரியில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டமன்றம் கூடினால் பாராட்டுத் தீர்மானங்கள் கட்டுக்கட்டாக வரும். கோப்பை வென்ற பள்ளி அணிக்கு ஒன்று, நூற்றாண்டு கண்ட தேவாலயத்துக்கு ஒன்று, அப்படியே கடற்படைக்காரருக்கும் ஒன்று. பலவற்றைச் சேர்த்து ஒரே குரல் வாக்கெடுப்பில் முடித்துவிடுவார்கள். நம் ஊரில் இரங்கல் தீர்மானம் வாசித்து எழுந்து நிற்பார்களே, கிட்டத்தட்ட அந்தச் சடங்குதான்.

சரி, பிறகு ஏன் வேண்டும்? கப்பலில் போகிறவருக்குப் பதக்கம், பதவி உயர்வு எல்லாம் கடற்படையே கொடுத்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? ஐசனோவர் விமானந்தாங்கிக் கப்பல் 2023 அக்டோபரில் இங்கிருந்து கிளம்பியது. செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் தொடர்ந்ததால் பயணத்தை இரண்டு முறை நீட்டித்தார்கள். திரும்பி வந்தது 2024 ஜூலையில். ஒன்பது மாதம்! "இந்த மாதம் அப்பா வந்துவிடுவார்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்ததை இரண்டு முறை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான்.

கப்பல் கரை சேரும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் முத்தம் யாருக்கு என்று முன்கூட்டியே குலுக்கல் சீட்டு விற்பார்கள். சீட்டு விழுந்தவர் மற்றவர்களுக்கு முன்னால் போய்க் கட்டிக்கொள்ளலாம். கடலில் இருக்கும்போது குழந்தை பிறந்த அப்பாக்களையும் முதல் வரிசையில் இறக்கிவிடுவார்கள். படகுத்துறையில் அவர்கள் கைக்குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கும் அழகே தனி.

2000 அக்டோபர் 12 அன்று ஏமனின் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையின் கோல் கப்பல் மீது நடந்த தாக்குதலில் 17 பேர் இறந்தார்கள். நார்ஃபோக் தளத்தில் அவர்களுக்கு எழுப்பிய நினைவிடத்தில் நட்டவை 28 கறுப்பு பைன் மரங்கள். இறந்தவர்களுக்கு 17, அவர்கள் விட்டுச் சென்ற குழந்தைகளுக்கு 11. யாரோ உட்கார்ந்து குழந்தைகளையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். தீர்மானங்களும் அப்படி இருந்தால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் குடும்பம் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகத்தான் வரும்.

என் குறை வேறு. கடற்படை மத்திய அரசுடையது, கப்பல் எங்கே போக வேண்டும் என்பதில் மாநிலத்துக்குப் பேச்சில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் தொழில் உரிமமும் மாநிலத்தின் கையில்தான். எதிர் வீட்டுப் பெண் நர்ஸ். கடற்படையில் இருக்கும் கணவருக்குக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மாற்றல் வந்தது. பல மாநிலங்கள் ஒன்றின் நர்ஸ் உரிமத்தை மற்றொன்றில் ஏற்கும் ஒப்பந்தத்தில் வர்ஜீனியா உண்டு, கலிஃபோர்னியா இல்லை. மாற்றலாகும் படையினரின் துணைவர், கையில் இருக்கும் உரிமத்தைப் புது மாநிலத்திலும் பயன்படுத்த வழிசெய்து 2023 ஜனவரியில் வந்த மத்தியச் சட்டம்தான் இப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுக்கிறது. மாநிலங்கள் நல்லது எதுவும் செய்வதில்லை என்றும் சொல்ல முடியாது. மாற்றலாகி வரும் படையினர் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, மதிப்பெண் சிக்கல்களுக்காக ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 50 மாநிலங்களும் சட்டம் போட்டு அதில் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் வீட்டில் யாராவது கடற்படையில் இருந்து, தொகுதி உறுப்பினர் தீர்மானத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் புகைப்படம் எடுக்க அவர் பக்கத்தில் வந்து நிற்பார். உரிம விஷயம் என்ன ஆயிற்று என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.