பிரெஞ்சு வம்சாவளி, ஸ்லோவேனிய வம்சாவளி: அமெரிக்காவில் யார் வசதி? கேள்வி பதில்

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றையும் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கையும் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். வம்சாவளி வாரியாகக் குடும்ப வருமானத்தைக் காட்டும் பட்டியல் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதில் ஸ்லோவேனியர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு மேலே இருப்பதைப் பார்த்துப் பலர் கேள்வி அனுப்பினீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பிரான்ஸ் எவ்வளவு பெரிய பணக்கார நாடு! ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. அப்படியிருக்க, அமெரிக்காவில் மட்டும் எப்படி நிலைமை தலைகீழாக இருக்கிறது?

தாய்நாட்டின் இன்றைய செல்வத்தை வைத்துப் பார்ப்பதால்தான் இது தலைகீழாகத் தெரிகிறது. ஸ்லோவேனியா தனி நாடானதே 1991இல்தான். அமெரிக்க ஸ்லோவேனியர்களில் பெரும்பாலோரின் பாட்டன், பூட்டன்மார் 1880க்கும் 1914க்கும் இடையில் ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசிலிருந்து கப்பலேறியவர்கள். பாகம் பிரித்துப் பிரித்து நிலம் துண்டாகிப் போயிருந்தது. திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்செரா பூச்சி அழித்திருந்தது. அந்தப் பக்கம் நிலைமை இது.

இந்தப் பக்கம், அமெரிக்காவில் 'பிரெஞ்சு' என்று எழுதுகிறவர்களில் மிகப் பலரின் முன்னோர் பிரான்சிலிருந்து நேராக வந்தவர்களே அல்ல. கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கிலிருந்து ரயிலேறி வந்த ஏழை விவசாயிகள். 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள். ஆகவே ஏழை விவசாயிக்கும் ஏழை விவசாயிக்கும் இடையிலான ஒப்பீடு இது. பாரிசுக்கு இங்கே வேலையில்லை.

கேள்வி: அப்படியென்றால் பட்டியலில் வரும் 'பிரெஞ்சு' என்பது யார்தான் சார்?

குறைந்தது நான்கு தனித்தனிக் கூட்டங்கள், ஒரே தலைப்பில்.

பிரான்சில் 1685இல் மத உரிமை பறிக்கப்பட்ட ஹ்யூகெனாட் புராட்டஸ்டன்ட்டுகள் ஒரு கூட்டம். கைத்தொழிலும் வணிகமும் தெரிந்தவர்கள். சார்ல்ஸ்டன், நியூ ரோஷெல் போன்ற ஊர்களில் குடியேறி, இரண்டு மூன்று தலைமுறையில் ஆங்கிலேயர்களோடு கரைந்துவிட்டார்கள். அமெரிக்கப் புரட்சியில் பெயர் பெற்ற வெள்ளித் தட்டார் பால் ரெவியரின் அப்பா அப்படி வந்தவர்தான்.

அடுத்து லூசியானாவின் கேஜன் மக்கள். 1755இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து விரட்டியடித்த பிரெஞ்சுக் குடியேறிகளான அகேடியர்களின் சந்ததி. சதுப்பு நிலத்தில் மீன்பிடி, சிறு விவசாயம், பிற்பாடு எண்ணெய் வயல் வேலை. லூசியானா இன்றும் அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று.

மூன்றாவது கூட்டம், நான் மேலே சொன்ன கியூபெக் மக்கள். நான்காவது, பிரான்சிலிருந்து நேராக வந்தவர்கள். 1800இல் வந்திறங்கி 1802இல் டெலவேரில் வெடிமருந்து ஆலை தொடங்கிய டூபாண்ட் குடும்பம் இதில் சேரும். இந்தக் காலத்தில் வேலை விசாவில் வரும் பொறியாளரும் இதில்தான் சேர்வார். டூபாண்ட் வாரிசையும் சதுப்பு நிலத்து மீனவர் பேரனையும் கூட்டி ஒரு நடுத்தர எண்ணைச் சொன்னால், அது யாருடைய வாழ்க்கையையும் காட்டாது. ஸ்லோவேனியர் பக்கம் இந்தக் கலவை இல்லை. கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே மாதிரித் தொழிலுக்கு வந்தவர்கள்.

கேள்வி: அரசாங்கக் கணக்கு என்றால் நம்பகமாகத்தானே இருக்கும்? நீங்கள் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறீர்கள்?

கணக்கு எடுப்பவர்கள் மீது எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வம்சாவளி என்பது அவரவர் தாங்களே எழுதிக் கொடுப்பது. அமெரிக்க சென்சஸில் இந்தக் கேள்வி 1980இல்தான் முதலில் வந்தது. அந்த வருடம் தன்னைப் 'பிரெஞ்சு கனேடியன்' என்று எழுதியவர்கள் சுமார் 7.8 லட்சம் பேர். 1990இல் அதே பெயரை எழுதியவர்கள் சுமார் 21.7 லட்சம்! பத்து வருடத்தில் கியூபெக்கிலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லை. 1990 படிவத்தில், கேள்விக்குக் கீழே எடுத்துக்காட்டாக அச்சடித்திருந்த பெயர்களில் 'பிரெஞ்சு கனேடியன்' என்பதும் இருந்தது, அவ்வளவுதான். அதே பத்து வருடத்தில் வெறும் 'பிரெஞ்சு' என்று எழுதியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சத்திலிருந்து 1 கோடியே 3 லட்சமாகக் குறைந்தார்கள்.

ஸ்லோவேனியர்கள் அந்த இரண்டு கணக்கிலும் சுமார் 1.25 லட்சம்தான். உண்மையில் அதைவிட அதிகம் பேர் இருக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் வந்தவர்களை ஆஸ்திரியர் என்று பதிவு செய்தார்கள். பிறகு யூகோஸ்லாவியர் என்ற பெயர் வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதே மங்கிவிட்டது. இன்றைக்கும் நினைவு வைத்து 'ஸ்லோவேனியன்' என்று எழுதுகிறவர் பெரும்பாலும் குடும்ப வரலாற்றில் அக்கறை உள்ளவர், படித்தவர் என்று ஊகிக்க இடமிருக்கிறது. அதுவே அந்தக் குழுவின் சராசரியைக் கொஞ்சம் தூக்கிவிடும்.

கேள்வி: சரி, கணக்கை விடுங்கள். கியூபெக் ஏழையையும் ஸ்லோவேனிய ஏழையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என் பதில்: போய்ச் சேர்ந்த தொழிலிலும், அந்த ஊரின் பள்ளிக்கூடத்திலும்.

கியூபெக் மக்கள் போனது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு. லோவல், ஃபால் ரிவர், லூயிஸ்டன், வூன்சாக்கெட், மான்செஸ்டர். பருத்தி ஆலையில் ஒரு ஆளின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. அப்பா, அம்மா, மூத்த பெண், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் என்று வீடே ஆலைக்குப் போனால்தான் வாடகை கட்ட முடியும். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1909 முதல் அந்த ஊர்களின் ஆலை வாசலில் நின்று குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகளில் பலர் கியூபெக் வீட்டுப் பிள்ளைகள். பலருக்கு இங்கிலீஷ் பேச வராது என்று அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்குப் போகாத அந்தத் தலைமுறையின் நஷ்டம், அதற்கடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது.

அப்புறம் ஆலைகளே தெற்கு மாநிலங்களுக்கு இடம் மாறின. மான்செஸ்டரில் இருந்த அமோஸ்கெக், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பருத்தி ஆலைகளில் ஒன்று. 1935 கடைசியில் ஓட்டம் நின்றது. ஊரே அந்த ஒரே ஆலையை நம்பி இருந்தது.

ஸ்லோவேனியர்கள் போனது கிளீவ்லாந்தின் இரும்பு, எஃகு ஆலைகளுக்கும், மின்னசோட்டாவின் 'அயர்ன் ரேஞ்ச்' என்ற இரும்புச் சுரங்க வட்டாரத்துக்கும். வேலை கொடியது, உயிர் போகும் வேலை. 1907இல் சுரங்க வேலைநிறுத்தத்தை உடைக்க நிறுவனம் ஆள் இறக்கியபோது, அதில் ஸ்லோவேனியர்களும் இருந்தார்கள். 1916 வேலைநிறுத்தத்தில் அதே மக்கள் முன்னணியில் நின்றார்கள். 1930களின் கடைசியில் எஃகுத் தொழிலில் சங்கம் வலுத்த பிறகு, அந்தத் துறையின் கூலி நூற்பாலைக் கூலியைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அயர்ன் ரேஞ்ச் ஊர்கள், சுரங்க நிறுவனங்கள் மீது வரி போட்டு அந்தப் பணத்தைக் கல்வியில் கொட்டின. ஹிப்பிங் ஊரின் உயர்நிலைப் பள்ளியை 1920களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 39 லட்சம் டாலரில் கட்டினார்கள். அரங்கத்தில் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை உட்கார்ந்து படித்த இடம் அது! சின்னச் சின்ன ஊர்களில்கூட இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி வந்தது. பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்கள்.

செனட்டர் ஏமி க்ளோபுசாரின் தாத்தா அதே வட்டாரத்து ஈலி ஊரில் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஸ்லோவேனிய வம்சம். வீட்டின் நிலவறையில் ஒரு காபி டப்பாவில் காசு சேர்த்து மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார் என்று ஏமி மேடைகளில் சொல்வது வழக்கம். மகன் பத்திரிகையாளர் ஆனார், பேத்தி செனட்டுக்குப் போனார். தாத்தாவின் சிக்கனம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அதே மாதிரி காசு சேர்த்த நூற்பாலைத் தொழிலாளியின் ஊரில், அந்தப் பையன் ஏற்கெனவே ஆலைக்குள் இருந்தான்.

கேள்வி: எப்படிச் சொன்னாலும், ஸ்லோவேனியர்கள் இயல்பிலேயே உழைப்பாளிகள், பிரெஞ்சுக்காரர்கள் சொகுசுப் பேர்வழிகள் என்பது உண்மைதானே?

இல்லை. 1881இல் மாசசூசெட்ஸ் தொழிலாளர் புள்ளியியல் துறையின் அறிக்கை, கியூபெக் மக்களைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்று எழுதியது. கிடைத்த கூலிக்கு ஓயாமல் உழைக்கிறார்கள், காசைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் அதில் இருந்த குற்றச்சாட்டு. சீனர்களையும் சேர்த்து இழிவுபடுத்திய வாசகம் அது. அளவுக்கு மீறி உழைக்கிறார்கள் என்று அன்று திட்டினார்கள், சொகுசுப் பேர்வழிகள் என்று இன்று நீங்கள் சொல்கிறீர்கள். இனத்துக்கு ஒரு குணம் ஒட்டுவது எப்போதுமே இப்படித்தான் இருக்கும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிளீவ்லாந்தில் இருக்கிறேன். தியாகராஜ ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும்போது செயின்ட் க்ளேர் அவென்யூ வழியாகப் போவதுண்டு. அங்கே பெரிய ஸ்லோவேனியக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சமூகம் எப்படி நிமிர்ந்தது அண்ணா?

நீங்கள் பார்த்தது 1924இல் திறந்த ஸ்லோவேனிய தேசிய இல்லம். தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம். அரங்கம், கூட்ட அறை, நூலகம் எல்லாம் உண்டு.

அதற்கு முன்பே பரஸ்பர உதவிச் சங்கங்கள் வந்துவிட்டன. 1894இல் ஜோலியட்டில் கத்தோலிக்கர்களின் சங்கம், 1904இல் சிகாகோவில் சமயச் சார்பற்ற எஸ்.என்.பி.ஜே. என்ற சங்கம். மாதச் சந்தா கட்டினால் நோயில் படுத்தபோது படி, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் வராத காலத்தில் ஒரு விபத்தோடு குடும்பம் தெருவுக்கு வராமல் இருந்ததற்கு இது பெரிய காரணம். இன்னொரு காரணத்தை யாரும் எழுதுவதில்லை: வீட்டுப் பெண்கள். தனியாக வந்த ஆண்களை வீட்டில் தங்க வைத்து, சமைத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்த பணம் பல வீடுகளின் அடமானத்தை அடைத்தது.

அந்தத் தெருவுக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1944 அக்டோபர் 20 அன்று கிழக்கு ஒஹையோ எரிவாயு நிறுவனத்தின் திரவ எரிவாயுத் தொட்டியில் கசிவு ஏற்பட்டு, பக்கத்துத் தெருக்கள் தீப்பிடித்தன. சாக்கடை வழியாகவும் வாயு பரவி வெடித்தது. 130 பேர் இறந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் வங்கிகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், சேமிப்பை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ரொக்கமும் பத்திரங்களும் வீட்டோடு எரிந்தன. இரும்புக்கடையும் இறுதிச்சடங்கு நிலையமும் நடத்திய ஆன்டன் கிர்டினா முன்நின்று, மக்கள் புறநகருக்குச் சிதறிப் போகாமல் அதே இடத்தில் மறுபடி வீடு கட்ட வைத்தார். இந்தச் சமூகத்தின் வருமானத்தைப் பேசுகிறவர்கள் இந்த நாளை மறக்கக் கூடாது.

கேள்வி: பிரெஞ்சு கனேடியர்களிடம் இந்த மாதிரிச் சேமிப்பு அமைப்பு இல்லாததுதான் பின்தங்கக் காரணமா?

இல்லாமல் என்ன! அமெரிக்காவின் முதல் கடன் கூட்டுறவு சங்கமே அவர்களுடையது. மான்செஸ்டரில் பாதிரியார் பியர் ஹெவி, கியூபெக்கில் இத்தகைய சங்கங்களைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தேஜார்தானை வரவழைத்து 1908 நவம்பரில் தொடங்கியது. ஒரு வழக்கறிஞர் வீட்டில், ஆலைத் தொழிலாளர்களிடம் சில்லறையாக வாங்கிச் சேர்த்த பணம். செயின்ட் மேரிஸ் வங்கி என்ற பெயரில் இன்னும் நடக்கிறது. சேமிக்கும் பழக்கத்தில் குறையே இல்லை. சேமிக்கக் கையில் மிஞ்சியதுதான் குறைவு.

கேள்வி: பாகுபாடு எவ்வளவு பாதித்தது?

மெயின் மாநிலத்தில் 1919இல் பள்ளிகளில் இங்கிலீஷ்தான் பாடமொழி என்று சட்டம் வந்தது. 1920களில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அங்கே பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களை எதிர்த்தே ஆள் சேர்த்தது. லூசியானாவின் 1921 அரசியல் சட்டமும் பள்ளியிலிருந்து பிரெஞ்சை விரட்டியது. ஸ்லோவேனியர்களும் ஏச்சுப் பேச்சுக் கேட்டார்கள். 1924 குடியேற்றச் சட்டம் யூகோஸ்லாவியா முழுவதற்கும் வருடத்துக்கு 671 பேர் என்று கதவைச் சாத்தியது. இதில் ஒரு பொருளாதார விளைவு உண்டு: புதிதாக ஏழைகள் வந்து சேராததால், அந்தக் குழுவின் சராசரி ஏறிக்கொண்டே போனது. கனடாக்காரர்களுக்கு அந்த ஒதுக்கீட்டு வரம்பு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்லோவேனியர்களில் வந்த அகதிகளில் படித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். அதுவும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: மெலனியா டிரம்ப் ஸ்லோவேனியர்தானே? அவர் மாதிரி ஆட்களால் சராசரி ஏறுமா?

ஏறாது. இவை இடைநிலை வருமானங்கள், அதாவது எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் வருமானம். ஒருவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் நடுவில் நிற்கிறவரின் வருமானம் மாறாது.

கேள்வி: பட்டியலில் இந்திய வம்சாவளியினர் இந்த இரண்டு குழுவுக்கும் மேலே நிற்கிறார்களே, அதைப் பார்த்துப் பெருமைப்படலாமா?

உங்கள் உழைப்புக்குப் பெருமைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்தியர்களை அமெரிக்கா பெரும்பாலும் பட்டத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டது. லூயிஸ்டனில் ரயிலிலிருந்து இறங்கிய குடும்பத்திடம் யாரும் பட்டம் கேட்கவில்லை.

கேள்வி: இன்றைய நிலைமையில் வித்தியாசம் பெரியதா? நானே சரிபார்க்க என்ன வழி?

இரண்டு குழுவுமே இன்று நடுத்தர வர்க்கம்தான். இடைவெளி இருக்கிறது, ஆனால் முதல் தலைமுறையின் கஷ்டத்தோடு ஒப்பிட்டால் சிறிது. சென்சஸ் துறையின் இணையத் தரவுத்தளத்தில் எஸ்0201 என்ற அட்டவணையைத் திறந்து வம்சாவளியைத் தேர்ந்தெடுங்கள். வருமானத்தோடு நிற்காமல் வயது, பட்டம் பெற்றவர் விகிதம், சொந்த வீடு, வறுமை விகிதம் ஆகிய வரிகளையும் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு போட்டிருக்கும். ஸ்லோவேனியர் போன்ற சிறிய குழுவுக்கு அது அகலமாக இருக்கும் என்பதால், ஒரு வருட எண்ணை எடுக்காமல் பல வருட எண்களைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு மாநில வாரியாகப் பிரியுங்கள். ஒஹையோவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் வீடு மாசசூசெட்ஸில் கிடைக்காது. லூசியானா பிரெஞ்சையும் நியூ ஹாம்ப்ஷயர் பிரெஞ்சையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தபின், ஸ்லோவேனியர் வரியோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.