‘வொலாரே’ பாட்டைப் பாடிய இத்தாலியப் பாடகர் யார்? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது?

டொமெனிகோ மொதுன்யோ. 1928-இல் தெற்கு இத்தாலியின் கடலோர ஊரான பொலின்யானோ அ மாரேயில் பிறந்தவர். நடிகராகும் ஆசையில்தான் ரோமுக்குப் போனார்.

1958-இல் இத்தாலியின் பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் எல்லாம் மாறியது. பிராங்கோ மிலியாச்சியுடன் சேர்ந்து எழுதிய ‘வொலாரே’வை (‘பறக்க’ என்று பொருள், உண்மைத் தலைப்பு வேறு, யாருக்கு நினைவிருக்கிறது!) இரு கைகளையும் அகல விரித்துப் பாடினார். அங்கே அப்படி யாரும் பாடிப் பழக்கமில்லை. பரிசு அவருக்கே. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் மூன்றாம் இடம்தான். ஆனால் 1959-இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த இசைப்பதிவு இரண்டு விருதுகளும் அதற்குத்தான். சான்ரெமோவில் மொத்தம் 4 முறை வென்றார்.

1984-இல் பக்கவாதம். அப்புறமும் சும்மா இருக்கவில்லை: 1987-இல் நாடாளுமன்றம் போய், அக்ரிஜெந்தோ மனநல மருத்துவமனை நோயாளிகளுக்காகப் போராடினார். 1994-இல் லாம்பெதூசா தீவில், கடலோர வீட்டில் காலமானார்.