கோட்டத்தில் நிற்பவர் யார்? பெயர் பொறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, திருப்பணிக் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர்கள் ஊரில் கிழக்கு நோக்கிய பழைய சிவன் கோயில் ஒன்று கல்லால் கட்டிய கற்றளியாக இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் சுவர்ச் சிலைகளின் கீழே பளிங்குப் பலகையில் பெயர் பொறித்துப் பதிக்க உபயதாரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆனால் பெயர்களில்தான் குழப்பம். வடக்குச் சுவரில் சங்கு சக்கரத்தோடு நிற்கும் சிலையைச் சிலர் பெருமாள் என்கிறார்கள், சிலர் மகாலட்சுமி என்கிறார்கள். அதற்கு அடுத்து, பிரமன் என்று சொல்லப்படும் சிலைக்கு ஒரே முகம்தான் தெரிகிறது. திருச்சுற்றில் வேப்ப மரத்தடியில் பருத்த வயிற்றோடு அமர்ந்திருக்கும் அம்மனும், நந்தவனத்தில் தலை உடைந்து ஒட்டப்பட்டு அமர்ந்திருக்கும் உருவமும் யாரென்று ஊரில் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

பெயர் எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. வாய்வழியாக வழங்கும் தவறான பெயர் ஒரு தலைமுறையில் மாறிவிடக் கூடும். கல்லில் வெட்டிய தவறான பெயரை அடுத்து வருபவர்கள் சான்றாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சிலையைக் கண்டவுடன் அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே நம் அனைவரின் வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரு கற்சிலையில் முதலில் உடைபவை கைகளும் அவற்றில் இருக்கும் ஆயுதங்களும்தான். திருப்பணிகளில் சிமெண்டுப் பூச்சால் கற்பனையாகத் திரும்பச் செய்யப்படுபவையும் அவையே. எனவே சிலை இருக்கும் இடம், அதன் நிலையும் பீடமும், தலைக்கோலமும் காதணியும் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்த்துவிட்டு, கைகளைக் கடைசியாகப் பாருங்கள். முன்னவை மூன்றும் ஒரு பெயரைச் சொல்லிக் கை மட்டும் வேறொன்றைச் சொன்னால், கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடத்திலிருந்து தொடங்குவோம். சோழர் காலத்தில் நிலைபெற்று, பின்னர் பெரும்பாலான சிவன் கோயில்களில் பின்பற்றப்பட்ட முறைப்படி, கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையாரும், கருவறையின் தென்சுவரில் தட்சிணாமூர்த்தியும், பின்சுவரில் இலிங்கோத்பவரும், வடசுவரில் பிரமனும், அர்த்தமண்டபத்தின் வடசுவரில் துர்க்கையும் இடம்பெறுவார்கள். சண்டிகேசுவரர் வடபுறத்தில் தனிச் சிற்றாலயத்தில் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பார். இது பொது விதியே தவிர, மாறாத விதி அன்று. முற்சோழர் கோயில்களில் பின்சுவரில் அர்த்தநாரியோ திருமாலோ இருப்பதுண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளில் கோட்டங்களின், அதாவது சிலை நிற்கும் சுவர் மாடங்களின், எண்ணிக்கையே கூடி, ஆடவல்லானாகிய நடராசர், பிச்சை ஏற்கும் கோலச் சிவனாகிய பிட்சாடனர், அகத்தியர் முதலியோரும் சுவருக்கு வந்தார்கள். கோயில் மேற்கு நோக்கியதாக இருந்தால் பின்சுவர் கிழக்காகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் அத்தகையது.

இடம் என்பது திசையை மட்டும் குறிப்பதன்று. அதே தாரமங்கலத்தில் இராமன் வாலியை மறைந்திருந்து எய்யும் காட்சியை வெவ்வேறு தூண்களில் பிரித்து அமைத்திருக்கிறார்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். அங்கே கதையைச் சொல்வது உளியோடு தூண்களின் இடைவெளியும்தான். ஆகவே உங்கள் கோயிலில் எந்தச் சிலையாவது முன்பு வேறிடத்தில் இருந்து பெயர்த்து வைக்கப்பட்டதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். இப்போதைய திருப்பணியில் எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

வடசுவரில் சங்கு சக்கரத்தோடு நிற்பவர், நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால், துர்க்கையாகவே இருக்க வேண்டும். திருமாலின் ஆயுதங்களைத் தாங்குவதால் விஷ்ணு துர்க்கை என்றும் வழங்குவார்கள். தனித்து நிற்கும் திருமகளின் கைகளில் பொதுவாகத் தாமரைதான் இருக்கும். மார்பில் கச்சை இருக்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் சற்றே ஒசிந்திருக்கிறதா, முன் வலக்கை அபயம் காட்ட முன் இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் காலடியில் இருக்கும் எருமைத் தலை. அது தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல கோயில்களில் திருச்சுற்றின் தரையை அடுத்தடுத்துத் தளம் போட்டு உயர்த்தியதாலும், மாடத்தின் அடியில் டைல்ஸ் பதித்ததாலும் பீடமே மறைந்து போயிருக்கிறது. பீடத்தின் மேல் ஏறியிருக்கும் சிமெண்டை மட்டும், அனுபவமுள்ள ஸ்தபதி ஒருவரைக் கொண்டு, கல்லில் படாமல் சிறிது சிறிதாக எடுத்துப் பாருங்கள். எருமையின் கொம்பு தெரிந்தால் ஊரின் வழக்கு அன்றே தீர்ந்துவிடும்.

பிரமனின் நான்காவது முகம் சுவர்ப் பக்கம் இருப்பதாகக் கொள்வதால் கோட்டத்தில் மூன்று முகங்களே காட்டப்படும். அவற்றிலும் பக்க முகங்கள் இரண்டும் தலைமுறைகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் சந்தனக் காப்பிலும் புதைந்து, காதோரச் சடை போலத் தோன்றும். பக்கவாட்டிலிருந்து ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் மூக்கின் விளிம்பு தெரியும். அப்படியும் உண்மையிலேயே ஒரு முகம்தான் என்றால், பிரம்மசாஸ்தாவை நினைக்க வேண்டும். பிரணவத்தின் பொருள் அறியாத பிரமனைச் சிறையிட்டுப் படைப்புத் தொழிலைத் தானே ஏற்ற முருகனின் வடிவம் அது. பிரமனுக்குரிய அக்கமாலையும் கமண்டலமும் மேற்கைகளில் இருக்கும். ஆனால் முகம் ஒன்று, தோற்றம் இளமையானது, மார்பின் குறுக்கே இரு புறமும் இறங்கும் சன்னவீரம் இருக்கும். வீரர்க்குரிய அந்த அணி பிரமனின் மார்பில் இராது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் கைகளை மட்டும் பார்த்துப் பிரமன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, மறுமுறை போனபோது காப்பு களைந்த மார்பில் சன்னவீரத்தைக் கண்டு, எழுதியதைத் திரும்பப் பெற்றேன். கைகளைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அன்றிலிருந்துதான்.

தெற்கிலும் மேற்கிலும் உங்களுக்குச் சிக்கல் இராது. ஒரு காலை மடித்து மறு காலை முயலகன் மேல் ஊன்றி, கல்லால மரத்தின் கீழ் முனிவர்கள் சூழ இருப்பவர் தட்சிணாமூர்த்தி. தூணின் நடுவே பிளந்த வட்டத்துக்குள் நிற்பவர் இலிங்கோத்பவர். மேலே அன்னமும் கீழே பன்றியும் இருக்க, அடிமுடி காணாமையைக் காட்ட அவருடைய கணுக்கால்களும் முடியின் உச்சியும் தூணுக்குள் மறைந்திருக்கும். கை உடைந்த ஒரு வடிவம் சிவனா திருமாலா என்ற ஐயம் வந்தால், சடைமுடியா கிரீடமா என்று பார்த்துவிட்டுக் காதுக்கு வாருங்கள். சோழர் காலச் சிவ வடிவங்கள் பலவற்றில் வலக்காதில் மகர குண்டலமும் இடக்காதில் பெண்கள் அணியும் தோடும் இருக்கும். உமை இடப்பாகம் கொண்டவர் என்பதன் குறிப்பு அது. சம்பந்தர் தம் முதற் பாட்டைத் ‘தோடுடைய செவியன்’ என்று தொடங்கியது இதே கோலத்தைப் பாடித்தான்.

வேப்ப மரத்தடி அம்மனைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு சிலைகளில் மிகவும் கவனிப்பாரற்றுப் போனவர் அவராகவே இருக்கக் கூடும். பருத்த வயிறு, தளர்ந்த மார்பு, இரு கால்களையும் தொங்கவிட்டு அகன்று அமர்ந்த நிலை ஆகியவை இருந்தால், அது மூத்த தேவியின் சிலை. சேட்டை, தவ்வை, சேஷ்டா என்றும் அவளுக்குப் பெயர்கள் உண்டு. அவளுடைய ஒரு பக்கத்தில் மாட்டு முகம் கொண்ட மகனும் மறுபக்கத்தில் இளம்பெண்ணாக மகளும் இருக்கிறார்களா, தலைக்கருகில் காக்கைக் கொடி இருக்கிறதா, துடைப்பமோ கழுதையோ எங்காவது செதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டு முகமும் காக்கைக் கொடியும் தெரிந்தால் ஐயத்துக்கே இடமில்லை. மாரியம்மன் திருவுருவத்தில் பொதுவாக ஒரு கால் மடிந்து ஒரு கால் தொங்கும். சூலமும் கபாலமும் ஏந்தியிருப்பாள். ஏழு கன்னியரில் ஒருத்தி பிரிந்து வந்திருப்பாளோ என்று நினைத்தால், பீடத்தில் அன்னம், இடபம், மயில், கருடன், யானை என ஊர்தி ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூத்த தேவி அமங்கலத்தின் வடிவம் என்று இன்று பலர் அஞ்சுகிறார்கள். பல்லவர் காலத்திலும் முற்சோழர் காலத்திலும் சிவாலயத் திருச்சுற்றில் அவளுக்கு முறையான இடம் இருந்தது. செல்வம் வேண்டிச் சேட்டையை வழிபட்டவர்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் கடிந்து பாடியிருப்பதே, அவ்வழிபாடு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. வழிபாடு அருகிய பிறகு அவளைச் சுற்றுக்கு வெளியே வைத்தார்கள், கிணற்றோரம் கவிழ்த்தார்கள், சில ஊர்களில் வேறு அம்மனாக்கிப் புடவை சாத்திக் காப்பாற்றினார்கள். உங்கள் ஊர் மூன்றாவதைச் செய்திருக்கிறது என்றால் அது நல்ல செயல்தான். அவள் யாரென்று தெரிந்த பின் அவளை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று எவராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அச்சிலை இருக்கிறது என்பதே உங்கள் கோயிலின் பழைமைக்கு ஒரு சான்று. அதன் கீழோ அருகிலோ எழுத்து இருந்தால் இன்னும் மதிப்பு வாய்ந்தது.

நந்தவனத்தில் உள்ள உருவத்துக்கு இப்போதைக்குப் பெயரே எழுதாதீர்கள். ஒட்டிய தலை அதே உடலுக்கு உரியதுதானா என்பதே முதற் கேள்வி. கழுத்தின் அகலமும் கல்லின் நிறமும் மணியமைப்பும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரு கால்களும் மடிந்து, மடியில் கை மேல் கை வைத்த நிலை என்றால், அது சைவ வைணவ வடிவம்தான் என்று கொள்ள வேண்டியதில்லை. சுருள்முடியும், உச்சியில் முடிச்சு போன்ற புடைப்பும், நீண்ட காதுமடலும், தோளில் ஆடையின் கோடும் இருந்தால் புத்தர். ஆடையே இன்றித் தலைக்கு மேல் மூன்றடுக்கு முக்குடை இருந்தால் சமணத் தீர்த்தங்கரர். உங்கள் பகுதியிலேயே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்டு வந்த சிலையை, நீதிமன்ற உத்தரவின் பேரில் தொல்லியல் துறையினர் ஆய்ந்து, தாமரைப் பீடத்தில் தியான முத்திரையோடு அமர்ந்த நிலை, சுருள்முடி, காதுமடல் ஆகியவற்றைக் கொண்டு புத்தர் என்று அறிக்கை தந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அதை ஏற்றது. அங்கும் உடலிலிருந்து பிரிந்த தலை பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே உங்கள் சிலையை நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்து, அளவும் குறித்து, சேலம் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ எழுதி, அவர்கள் வந்து பார்க்கும் வரை தலையை அசைக்காமல் வையுங்கள்.

பார்ப்பதற்காகத் துலக்குகிறோம் என்று சிலையைக் கெடுத்துவிடும் ஆபத்து திருப்பணிக் காலத்தில்தான் அதிகம். மணல் வீச்சு முறைக்குத் தமிழகக் கோயில்களில் தடை இருக்கிறது. எவர் சொன்னாலும் இசைய வேண்டாம். ஆசிட், கம்பித் தூரிகை, எனாமல் பெயிண்டு ஆகியவையும் கூடாது. மழுங்கிய முகத்தை ‘எடுப்பாக்க’ மீண்டும் உளி வைப்பது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, ஏனென்றால் அதன் பிறகு எவராலும் காலத்தையோ பெயரையோ கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரும் மென்மையான தேங்காய் நார்த் தூரிகையும் போதும். பெரும்பாலான அடையாளங்கள் இரவில் ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலே தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது மாடத்தின் கீழுள்ள அடித்தளப் பட்டைகளான குமுதத்திலும் பட்டிகையிலும் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலையைச் செய்வித்தவர் பெயரோ விளக்குக்கு விட்ட நிலமோ அங்கே இருக்கலாம். ஆறகழூரும் ஆத்தூரும் சார்ந்த மகதை மண்டலப் பகுதி வாணகோவரையர் என்னும் குறுநில மன்னர்கள் ஆண்ட நிலம். கல்வெட்டு நிறைந்த நாடு.

இதனால்தான் பளிங்குப் பலகையைச் சுவரில் பதிக்க வேண்டாம் என்று உபயதாரரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். துளையிட்டுச் சிமெண்டு பூசினால் அதன் அடியில் என்ன எழுத்து போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அவருடைய கொடையைச் சுவரிலிருந்து விலகி நிற்கும் சிறு கல்தூண்களாக மாற்றி, அவற்றில் வடிவத்தின் பெயரையும் அதன் கீழே ஊரார் வழங்கும் பெயரையும் இரண்டாகவே எழுதுங்கள். வேப்ப மரத்தடியில் மூத்த தேவி என்று ஒரு வரியும், இத்தனை காலம் அவளுக்கு விளக்கேற்றிய பெண்கள் அவளை எந்தப் பெயரால் அழைத்தார்களோ அது அடுத்த வரியிலும் இருக்கட்டும். நந்தவனத்துத் தூணை மட்டும், துறையின் அறிக்கை வரும் வரை, எழுத்தில்லாமல் நிறுத்தி வையுங்கள்.