ரயிலுக்கு உயிர் இருக்கிறதா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. 'நகரும், சாப்பிடும், மூச்சு விடும் என்றால் உயிருள்ளது' என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஒர்க்‌ஷீட்டில் லோக்கல் ரயிலை உயிருள்ளதில் சேர்த்துவிட்டான், வாசலில் நிற்கும் புளியமரத்தை உயிரற்றதில்! எவ்வளவு சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பையனைத் திட்டிவிடாதீர்கள் அம்மா. அவன் பாடத்தை ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறான். ரயில் நகர்கிறது. ஸ்டேஷனில் நின்றதும் 'உஸ்' என்று மூச்சு விடுகிறது. மேல் கம்பியிலிருந்து கரண்ட் சாப்பிடுகிறது. ராத்திரி கார்ஷெட்டுக்குத் தூங்கவும் போகிறது. மரம் பாவம், நின்ற இடத்திலேயே நிற்கிறது. சின்ன வயதில் அசைவதெல்லாம் உயிர்தான் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே குழந்தைகளிடம் பேசிப் பேசி எழுதி வைத்திருக்கிறார்.

நான் மாட்டுங்காவில் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். முதலில் தொட்டாற்சிணுங்கியைத்தான் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். "அப்போ சுருங்காத செடிக்கு உயிர் இல்லதானே டீச்சர்?" என்றது ஒரு வாண்டு. அன்றோடு அதை விட்டேன்.

அப்புறம் மட்கிக்கு மாறினேன். முளைகட்டிய பயறில் செய்யும் உசலுக்கு வாங்குகிறோமே, அதே மட்கிப் பயறு. மூன்று மூடிகளில் ஈரப் பஞ்சு வையுங்கள். ஒன்றில் மட்கி, ஒன்றில் பாசிப்பருப்பு, ஒன்றில் கூழாங்கல். ராத்திரி வைத்தால், நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்துக்கு மறுநாள் சாயங்காலமே மட்கி வெள்ளை மூக்கை நீட்டும். பருப்பும் ஊறிப் பெருக்கும். "இதுவும் வளர்ந்துடுச்சு" என்பான். மறுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அவனே மூக்கைப் பொத்திக்கொள்வான். உடைக்கும்போதே பருப்பின் முளை போய்விட்டது என்று அப்போது சொன்னால் போதும்.

சரி, ரயில்? நம் ஹார்பர் லைனில் குர்லா வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1925 பிப்ரவரியில். நூறு வருஷமாகியும் ஒரு குட்டி போடவில்லையே என்று கேளுங்கள். மோனோ ரயிலைக் காட்டினாலும் காட்டுவான். என் வகுப்பில் ஒருவன் காட்டினான்! பதில் பேசாமல் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். மழை விட்டதும் குனிந்து தேடினால், விழுந்த கொட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் குட்டி இலையோடு நிற்கும். அதைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், பிடுங்க விடாதீர்கள்.

இன்னொன்று. அடுத்து அவன் மர நாற்காலியைக் காட்டி "இது எந்தப் பக்கம்?" என்பான். ஒர்க்‌ஷீட்டில் இரண்டு கட்டம்தான் இருக்கும். பென்சிலால் மூன்றாவதாக 'உயிர் இருந்தது' என்று ஒன்று போட்டுக் கொடுங்கள். நாற்காலி, சருகு, கருவாடு எல்லாம் அதில் போகட்டும். பள்ளியில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.