அலுவலகக் கணினி, கரண்ட், கழிவு: கேளுங்கள், சொல்கிறேன்

வன்னியில் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கணினி திருத்துவது என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன். கைபேசி பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.

கிளிநொச்சி, கூட்டுறவுச் சங்க ஊழியர்: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம், எல்லாக் கணினியையும் மாற்றச் சொல்கிறார் விற்கிறவர். மாற்றவேணுமா அண்ணை?

அவர் சொல்லத்தான் செய்வார் தம்பி. 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொப்ட் வழமையான ஆதரவை நிறுத்தியது உண்மை. அதற்காக இயந்திரம் செத்துப்போகவில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், சில கணினிகளில் அது இருந்தும் பயோஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புப் பக்கம்) அணைத்து வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். புரொசஸர் பழசென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். கடிதம் அடிக்க லிப்ரே ஒபிஸ் தாராளம். கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் அந்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றுங்கள்.

மூடியையும் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்துச் சிவப்புப் புழுதி மின்விசிறியில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் புரொசஸர் தானே வேகத்தைக் குறைக்கும், நாம் "பழசாப் போச்சு" என்போம். தூரிகையால் தட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஒரு மடிக்கணினியால் வரும் காபனில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. புதிது வாங்காமல் இருப்பதுதான் பெரிய மிச்சம்.

மாங்குளம்: ஸ்கிரீன் சேவர் போட்டால் கரண்ட் மிச்சமா?

இல்லை. திரையை அணையுங்கள்.

முல்லைத்தீவு: யூபிஎஸ் பற்றரிகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் கேட்கிறார், கொடுக்கலாமா?

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும். வளவில் வைத்து உடைத்தால் ஈயம் மண்ணில் தங்கும், அங்கே விளையாடும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். செம்புக்காக வயர் எரிப்பதும் வேண்டாம். வயரின் பிவிசி உறை எரியும் புகையில் டயொக்சின் என்ற நஞ்சு வரும். இதை எத்தனை தரமும் சொல்வேன்.

புதுக்குடியிருப்பு ஆசிரியை: கூரையில் சோலார் இருக்கு. பகலில் கொடுக்கிறோம், இரவில் எடுக்கிறோம். கணினி இரவு முழுக்க ஓடினாலும் நட்டமில்லைத்தானே?

பில்லில் நட்டம் தெரியாது ரீச்சர். ஆனால் இரவில் நீங்கள் எடுப்பது வெயிலில் வந்த கரண்ட் இல்லை. 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரியும் நீர்மின்சாரமும் எண்ணெயும் சேர்ந்தது. 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டதே! பகலில் மிஞ்சுகிறது, இரவில்தான் இழுபறி.

அதே ஆசிரியை: அப்ப சோலார் வீணா?

அப்படிச் சொல்லவில்லை. சோலாரும் வேண்டும், சுவிச்சும் வேண்டும்.

வவுனியாவிலிருந்து இடையில் புகுந்தவர்: நாங்கள் நிறுத்தினாலும் நுரைச்சோலை ஓடும். பிறகென்ன?

பாதி சரி. நிலக்கரி நிலையத்தை நினைத்தபடி கூட்டிக் குறைக்க முடியாது. ஆனால் நாம் எடுக்காத கரண்டுக்கு ஈடாக நீர்த்தேக்கத்தில் தண்ணீரோ தாங்கியில் எண்ணெயோ மிஞ்சும். அந்தத் தண்ணீர் நாளைக்கு எண்ணெய் எரிவதைக் குறைக்கும். சும்மா ஓடும் கணினி 40 வாட் எடுத்தால், 20 கணினி, மாலை 4 முதல் காலை 8 வரை: 12.8 யூனிட். ஒரே இரவில். ஓடவிட்டு யாருக்கு என்ன லாபம்?

அவரே: சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் ஓடுமா?

பற்றரி இல்லாவிட்டால் ஓடாது. லைனில் வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்காமல் இருக்க இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். சரி, சோலார் கதை போதும்.

மல்லாவி: இரவில் கணினியை நிறுத்தவேணுமா?

மேலே வாசியுங்கள்.

ஒட்டுசுட்டான்: ஸ்கிரீன் சேவர்...

மேலே.

பூநகரி: லேசர் பிறிண்டரை யூபிஎஸ்ஸில் கொழுவலாமா?

கூடாது. சூடேறும்போது அது இழுக்கிற இழுவையில் யூபிஎஸ் திணறும், பற்றரியும் சீக்கிரம் போகும். பிறகு பழைய பற்றரியை யாரிடம் கொடுப்பது என்று என்னிடமே வருவீர்கள்.